தவறான எஞ்சினே சரியான பாடம்

1

என் வீட்டு முன்கூடத்தில், செருப்பு வைக்கும் பலகைக்குப் பக்கத்தில், தார்ப்பாய் போர்த்தி ஒரு கார் எஞ்சின் கிடக்கிறது. என்னிடம் கார் கிடையாது. ஓட்டவும் தெரியாது. சென்ற மாதம் பழைய இரும்புக் கடைக்குப் போகவிருந்த அதை, இரும்புக் கடைக்காரர் தருவதாகச் சொன்ன கிலோ விலைக்கே நான் வாங்கினேன். சுமை ஆட்டோவிலிருந்து நான்கு பேர் சேர்ந்து இறக்கினார்கள். "தமிழ் வாத்தியார் வீட்ல இது எதுக்கு சார்?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார். என் மனைவி இன்றுவரை அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இருவருக்கும் சேர்த்து எழுதப்படும் பதில் என்றே இக்கட்டுரையைக் கொள்ளலாம்.

எங்கள் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவருடைய தந்தை வண்டலூரிலிருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் எஞ்சின் கோக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். 1988-இல் கார் உற்பத்தி நின்றபின் வேறு வேலைக்குப் போனார். சில ஆண்டுகள் கழித்து, பிறர் ஓட்டிக் கழித்த ஒரு 'ஸ்டாண்டர்டு 2000' காரை வாங்கினார். தாம் கோத்த எஞ்சின்களுள் ஒன்று அதற்குள் இருக்கக்கூடும் என்பதைத் தவிர அதை வாங்க வேறு காரணம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அவர் மறைந்தபின் கார் பல ஆண்டுகள் கொட்டகையில் நின்றது. அதை மீண்டும் சாலைக்குக் கொண்டுவர மகன் விரும்பினார். நல்ல எண்ணம்தான். ஆனால் பட்டறையில் நடந்தது வேறு. பழைய எஞ்சினையும் கியர் பாக்ஸையும் கழற்றிவிட்டு, விபத்தில் நொறுங்கிய வேறொரு வண்டியின் டீசல் எஞ்சினை வைத்தார்கள். அது உட்காரவில்லை என்பதால், எஞ்சினைத் தாங்கும் இரும்புகளைக் கேஸ் கட்டரால் அறுத்தார்கள்.

நான் வேண்டாம் என்றேன். "அது டிராக்டர் எஞ்சின் சார். அப்படிப்பட்ட காருக்கு அது அவமானம். இந்தத் தப்பை அன்னைக்கே சரி பண்ணியிருக்கணும்," என்றார் நண்பர். நான் விடாமல் பேசவே, "நீங்க சுவடியைப் பாருங்க சார், காரை நான் பாத்துக்கறேன்," என்று முடித்துவிட்டார்.

சுவடியையே பார்க்கிறேன். அதிலிருந்துதான் இந்த வழக்கையும் தொடங்க வேண்டியிருக்கிறது. ஆனால் அதற்கு முன், அந்தக் காரின் கதையைச் சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல் இந்த விவாதத்துக்குப் பொருளில்லை.

2

ஸ்டாண்டர்டு 2000 என்பது 1985-இல் சென்னையில் பிறந்த கார். அதன் மேனி இங்கிலாந்தில் 1976-இல் வெளிவந்த ரோவர் எஸ்டி1. டேவிட் பாச்சே வடிவமைத்த அந்தக் கார், 1977-ஆம் ஆண்டுக்கான ஐரோப்பாவின் சிறந்த கார் என்று விருது பெற்றது. தாழ்ந்து நீண்ட முகமும் சரிந்து இறங்கும் பின்புறமுமாக, அம்பாசிடரும் பியட்டும் மிகுதியாக ஓடிக்கொண்டிருந்த நம் சாலைகளில் அது வேறோர் உலகத்துப் பிராணிபோல் வந்து நின்றது. சிறுவனாக இருந்தபோது ஒருமுறை பார்த்திருக்கிறேன். அந்த நினைவில் மேனி மட்டுமே இருக்கிறது, ஓசை இல்லை.

ஓசையில்தான் சிக்கல். இங்கிலாந்தில் அந்தக் கார் அறிமுகமானபோது அதற்குள் இருந்தது 3,528 சி.சி. கொள்ளளவுள்ள வி8 எஞ்சின். சென்னையில் அதற்குள் வைத்தது 1,991 சி.சி. கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின். அதுவும் 1947-இல் அறிமுகமான 'ஸ்டாண்டர்டு வேங்கார்டு' காரின் எஞ்சினைத் தழுவியது. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள, அதிவேகத்துக்கென்றே வரையப்பட்ட உடலை, முப்பத்தெட்டு ஆண்டு மூத்த இதயம் இழுக்க வேண்டியதாயிற்று. வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். எண்ணெய் மிகுதியாகக் குடித்தது, வேகமோ தோற்றம் தந்த வாக்குறுதிக்கு எட்டவில்லை. மூன்றே ஆண்டில், 1988-இல், உற்பத்தி நின்றது. ஹெரால்டையும் கெஸலையும் தந்த அந்த நிறுவனத்தின் கடைசிக் கார் அதுவே.

ஏன் அப்படிச் செய்தார்கள்? அறியாமையால் அன்று. அந்நியச் செலாவணிக்கும் இயந்திர இறக்குமதிக்கும் தில்லியின் உரிமம் வேண்டியிருந்த காலம் அது. கையில் இருந்த வார்ப்புகளையும் கருவிகளையும் பழகிய தொழிலாளர்களையும் கொண்டு எதைச் செய்ய முடியுமோ அதைச் செய்தார்கள். அவர்கள் மட்டுமா? 1984-இல் வந்த காண்டெஸாவுக்கு வாக்ஸ்ஹால் உடலும் அம்பாசிடரின் 1,489 சி.சி. எஞ்சினும். 1985-இல் வந்த பிரீமியர் 118 என்இ-க்கு பியட் 124-இன் உடலும் நிஸ்ஸானின் எஞ்சினும். எண்பதுகளின் இந்தியக் கார் என்பதே ஓருடல் வேறுயிர். ஒரு நாடு உலகத்துக்குக் கதவைப் பாதி திறந்து, பாதி மூடி நின்ற கோலம் அது. அக்கோலத்தின் மிகத் தெளிவான சான்று ஸ்டாண்டர்டு 2000. அந்தச் சான்று எங்கே எழுதப்பட்டிருக்கிறது? பார்த்துப் பார்த்து மெருகிட்ட மேனியில் அன்று. அந்த மேனிக்குச் சற்றும் பொருந்தாத எஞ்சினில்.

'டிராக்டர் எஞ்சின்' என்ற வசைக்கும் ஒரு சொல். வசையில் உண்மை உண்டு. அந்தக் குடும்பத்து எஞ்சின்தான் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 5 லட்சத்துக்கும் மேல் தயாரான ஃபெர்குசன் டிஇ20 டிராக்டர்களில் பெரும்பாலானவற்றில் உழுதது. அதே குடும்பத்து எஞ்சின், அதே 1,991 சி.சி. அளவில், ட்ரையம்ஃப் டிஆர்2 என்ற பந்தயக் காரிலும் இருந்தது. 1954-ஆம் ஆண்டு பிரிட்டனின் ஆர்.ஏ.சி. ராலியில் அக்கார் முதலிடம் பெற்றது. உழுததையும் ஓடி வென்றதையும் ஒரே குலத்தில் வைத்திருக்கும் ஒன்றை அவமானம் என்று சொல்வோர், அதன் குலவரலாற்றைப் படிக்கவில்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

3

இனி சுவடிக்கு வருகிறேன்.

பதிப்பியல் பயின்ற எவருக்கும் ஒரு நெறி தெரியும். ஒரே இடத்துக்கு இரண்டு பாடங்கள் கிடைத்தால், எளிதில் பொருள் தருவதைவிட இடறுகின்ற பாடமே மூலத்துக்கு நெருக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். காரணம் எளியது. ஏட்டைப் படியெடுப்பவன், விளங்காத சொல்லை விளங்கும் சொல்லாக மாற்றத் துணிவான். விளங்கும் சொல்லை விளங்காததாக மாற்ற அவனுக்கு வேலையில்லை. ஆகவே ஓர் அடி வழுக்கிக்கொண்டு ஓடினால் பதிப்பாசிரியன் ஐயுற வேண்டும். இடறினால் நின்று கேட்க வேண்டும்.

உ.வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். அதில் 267, 268 ஆகிய இரு பாடல்கள் இல்லை. வேறு பல பாடல்களில் அடிகள் சிதைந்திருக்கின்றன. சிதைந்த இடங்களில் அவர் புள்ளிகளை இட்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவருக்கு அந்த இடங்களை நிரப்ப யாப்பு வராதா? அகவலில் இரண்டு சீர் செய்து ஒட்டியிருந்தால் படிப்பவர்க்கு எவ்வளவு வசதி! 'ஓட்டம்' கெடாமல் இருந்திருக்குமே! அவர் செய்யவில்லை. அந்தப் புள்ளிகளைப் போல நேர்மையான எழுத்து தமிழில் அதிகம் இல்லை என்று என் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொல்லிவருகிறேன். இங்கே ஏதோ இருந்தது, அது எனக்குக் கிடைக்கவில்லை, கிடைக்காததைக் கிடைத்ததுபோல் உங்களுக்குத் தரமாட்டேன் என்பதே அவற்றின் பொருள்.

மறுபுறம், ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். கம்பனை அவரைப் போல் அனுபவித்துச் சொன்னவர் அரியர். அவருடைய ரசனையின்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால் அவர் தம் செவிக்கு ஒவ்வாத பாடல்களை இடைச்செருகல் என்று ஒதுக்கினார், சொற்களையும் திருத்தினார், அதையே கம்பர் தந்தது என்றார். கம்பனின் உடலுக்குள் தம் காலத்து எஞ்சின் ஒன்றை வைத்து ஓட்டினார் என்று சொன்னால் ரசிகமணியின் அன்பர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்த வண்டி சுகமாகவே ஓடியது. ஆயினும் கம்பனை அறிய விரும்பும் ஆய்வாளன் ஏறக்கூடிய வண்டி அதுவன்று.

என் நண்பர் பட்டறையில் செய்திருப்பதும் இடறிய பாடத்தைத் திருத்தியதுதான். 'இவ்வளவு அழகான உடலுக்கு இவ்வளவு மந்தமான எஞ்சின் இருந்திருக்க முடியாது, இருந்திருக்கக் கூடாது' என்பது படியெடுப்பவனின் குரல். இருந்தது என்பதே வரலாறு. இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து ஓர் இளைஞன் அந்தக் காரின் முன்மூடியைத் திறந்து பார்த்தால் என்ன தெரிந்துகொள்வான்? எண்பதுகளின் சென்னையில் மிடுக்கான, விரைவான கார் ஒன்றைச் செய்தார்கள் என்று தெரிந்துகொள்வான். அது பொய். பொய்யை அவனுக்குச் சொல்வது அந்தத் திருத்தம்தான்.

ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். ரசிகமணி திருத்தியதால் கம்பனுக்கு இழப்பில்லை. ஏடுகள் இருந்தன, பிற பதிப்புகள் இருந்தன. காருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மூன்றாண்டு மட்டுமே தயாராகி, இன்று சாலையில் காண்பதே அரிதாகிவிட்ட ஒரு வண்டியில், எஞ்சிய ஒவ்வொன்றும் ஏட்டுப்பிரதிதான். அதில் கை வைப்பவர் பதிப்பைத் திருத்தவில்லை. ஏட்டையே சுரண்டி எழுதுகிறார்.

4

எதிர்வாதங்கள் உண்டு. நண்பர் சொன்னவை, அவர் சார்பில் பிறர் சொன்னவை, எனக்கே தோன்றியவை. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலாவது, 'மூலம்' என்று ஒன்று உண்டா என்ற கேள்வி. தொழிற்சாலையே வேற்று எஞ்சினை வைத்ததென்றால், நாம் மட்டும் ஏன் வைக்கக் கூடாது? இன்னும் ஒருபடி மேலே போய், ரோவரின் 'அசல்' வி8 எஞ்சினைத் தேடிப் பிடித்து வைத்தால் அதுதானே உண்மையான மீட்டெடுப்பு என்பாரும் உளர். அந்த 'அசலின்' கதையைக் கேளுங்கள். அது ரோவர் படைத்ததன்று. அமெரிக்காவில் ப்யூயிக் நிறுவனம் 1961-இல் கொண்டுவந்து, 1963-ஓடு கைவிட்ட எஞ்சின். அதன் உரிமையை வாங்கி வளர்த்தெடுத்தது ரோவர். ஆக அசலின் அசலும் இரவல்தான். தூய மூலம் ஒன்றைத் தேடிப் பின்னோக்கிப் போனால் எங்கும் நிற்க முடியாது. நான் கேட்பது தூய்மையை அன்று. இந்த உடலும் இந்த எஞ்சினும் இந்த ஊரில், இந்த ஆண்டில், இன்ன நெருக்கடியில் ஒன்று சேர்ந்தன என்ற நிகழ்ச்சியைத்தான். அந்நிகழ்ச்சியே மூலம். ரோவரின் வி8-ஐ அதில் வைத்தால் கிடைப்பது ஓர் ஆங்கிலக் காரின் நகல். சென்னை அழிந்துபோகும்.

இரண்டாவது, 'கார் ஓடுவதற்கே. ஓடாத கார் பிணம்' என்பது. ஒப்புக்கொள்கிறேன். கண்ணாடிப் பேழைக்குள் காரை வைக்கச் சொல்பவன் அல்லன் நான். ஆனால் அந்த எஞ்சின் ஓடாது என்று யார் சொன்னது? பட்டறையில் திறந்தே பார்க்கவில்லை. நான்கு வேறு மெக்கானிக்குகளிடம் விசாரித்தேன். மூத்தவர் ஒருவர் விளக்கிச் சொன்னார். அந்தக் குடும்பத்து எஞ்சின்களில் சிலிண்டர் குழாய்கள் எஞ்சின் கட்டையோடு ஒன்றாய் வார்க்கப்பட்டவை அல்ல. தனி லைனர்கள். குளிர்விக்கும் நீர் அவற்றின் புறத்தை நேரே தொட்டு ஓடும். தேய்ந்தால் லைனரையும் பிஸ்டனையும் உருவி எடுத்துவிட்டுப் புதியதைச் செருகலாம். கட்டையைக் கடைய வேண்டியதில்லை. மீண்டும் மீண்டும் உயிர் கொடுப்பதற்கென்றே அமைந்த வடிவம் அது. பிரிட்டனில் ட்ரையம்ஃப் டிஆர் கார்களைப் பேணுவோருக்காக அந்தக் குடும்பத்து உதிரிகள் இன்றும் தயாராகின்றன. அப்படியே பொருந்தாத இடத்தில் நல்ல லேத்துப் பட்டறையின் துணை வேண்டும். செலவு ஆகும்தான். ஆனால் டீசல் எஞ்சின் வாங்கி, கியர் பாக்ஸ் மாற்றி, ரேடியேட்டர் மாற்றி, புரப்பல்லர் தண்டை வெட்டி ஒட்டி, மின்கம்பிகளைப் புதிதாய் இழுத்த செலவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா? பார்க்கவில்லை. எஞ்சினை மட்டும் மாற்றுவதென்று ஒன்று கிடையாது. ஒன்றைப் பிடுங்கினால் பத்தைப் பிடுங்க வேண்டும்.

மூன்றாவது, பாதுகாப்பு. புதிய சாலைகளில் பழைய வண்டி ஆபத்து என்கிறார்கள். உண்மை. அதற்கு மருந்து பிரேக், டயர், இருக்கைப் பட்டை, விளக்கு. இவற்றை எல்லாம் தாராளமாக மேம்படுத்தட்டும். நாளை வேண்டுமானால் கழற்றிவிடலாம், எதையும் அறுக்க வேண்டியதில்லை. ஆனால் நாற்பது ஆண்டு மூத்த பிரேக்கும் ஸ்டியரிங்கும் அப்படியே இருக்க, இழுவிசையை மட்டும் பெருக்குவது எந்தப் பாதுகாப்பில் சேரும்? முதியவரின் காலில் இளைஞனின் ஓட்டத்தைக் கட்டிவிடுவதுபோல்தான் அது.

நான்காவது, சற்றுக் கனமானது. மூலத்தைக் காக்க வேண்டும் என்பதே பணக்காரச் சேகரிப்பாளர்களின் சமயம் என்கிறார்கள். வயிற்றுப்பாட்டுக்கு வண்டி ஓட்டியவன் எஞ்சினை மாற்றினான். அவனிடம் போய்ச் சுவடியைப் பற்றிப் பேசுவாயா என்று கேட்கிறார்கள். பேசமாட்டேன். பெட்ரோல் விலை தாங்காமல் அம்பாசிடருக்கும் பியட்டுக்கும் டீசல் எஞ்சின் வைத்துப் பிழைத்த வாடகைக் கார் ஓட்டுநர்கள் எவர்க்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் அல்லர். அந்த மாற்றமே அந்தக் கார்களின் வரலாறு. தொழிற்சாலையில் முதலில் பக்கவாட்டு வால்வுடைய எஞ்சினோடு வந்த அம்பாசிடர், 1959-இல் மேல்வால்வு எஞ்சினுக்கு மாறியது. பின்பு டீசல் வந்தது, தொண்ணூறுகளில் ஜப்பானின் இசுசு வந்தது. உற்பத்தி நின்ற 2014 வரை அது எஞ்சின் மாற்றிக்கொண்டே வாழ்ந்த கார். தெருவோரப் பட்டறையில் 1985-இல் டீசலாக்கப்பட்ட ஓர் அம்பாசிடர் இன்று என்னிடம் வந்தால், அந்த டீசலைக் கழற்றாதீர்கள் என்றுதான் சொல்வேன். அது அந்த வண்டியின் உரை. தேவை எழுதிய உரை.

என் நண்பரின் தேவை என்ன? கல்லூரிக்கு அவர் வருவது வேறொரு காரில். அது அண்மையில் வாங்கியது, குளிர்சாதனம் உள்ளது. இந்தப் பழைய கார் ஞாயிற்றுக்கிழமைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போவதற்கு. அதாவது பழமையின் அழகு வேண்டும், பழமையின் சிரமம் வேண்டாம். முகம் மட்டும் தாத்தாவுடையதாக இருக்க வேண்டும், மூச்சு தம் வயதினதாக இருக்க வேண்டும். இதில் பணக்காரச் சமயம் எது என்பதை வாசகர்களே முடிவு செய்யட்டும்.

ஐந்தாவது, 'என் கார், என் உரிமை'. இதற்குமேல் வாதமில்லை என்பதுபோல் இதைச் சொல்கிறார்கள். பழுதுபட்ட ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்ட வழக்கத்தை உ.வே.சா. பதிவு செய்திருக்கிறார். விட்டவர்கள் திருடர்கள் அல்லர். தம் வீட்டு ஏட்டைத்தான் விட்டார்கள். உரிமை அவர்களுக்கு முழுமையாக இருந்தது. அந்த உரிமையில் நாம் இழந்தவை எவை என்று பட்டியலிடக்கூட நமக்கு வழியில்லை. உரிமை இருப்பது வேறு, அதைப் பயன்படுத்தியபின் பெருமைப்படுவது வேறு.

5

இவ்வளவும் ஒரு தமிழாசிரியரின் கிறுக்கு என்று கருதுவோர், இதைப் பற்றி உலகம் என்ன நினைக்கிறது என்றும் பார்க்கலாம். பழைய வண்டிகளைப் பேணுவோரின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிவா, கட்டடங்களையும் நினைவுச் சின்னங்களையும் காப்பதற்கான 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனத்தை முன்மாதிரியாகக் கொண்டு, 2012-இல் டுரின் சாசனம் என்ற ஒன்றை ஏற்றது. வண்டி தன் வாழ்நாளில் பெற்ற பழைய மாற்றங்களும் வரலாறே, இன்று செய்யும் மாற்றம் மிகக் குறைவாகவும் மீட்கத் தக்கதாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் போக்கு. ஜாகுவார் நிறுவனம் 2017-இல் தன் புகழ்பெற்ற இ-டைப் காருக்குள் மின்மோட்டாரை வைத்துக் காட்டியபோது உலகமே கைதட்டியது. பழைய கார்களை மின்வண்டிகளாக்கும் போக்கு பெருகிய நிலையில், அப்படி மாற்றியது வரலாற்று வண்டி ஆகாது என்று 2019-இல் ஃபிவா சொன்னது. மாற்றியே தீர்வதென்றால் கழற்றிய உறுப்புகளைப் பத்திரப்படுத்துங்கள் என்றும் கேட்டுக்கொண்டது.

நம் நாட்டுச் சட்டமும் இதில் ஊமையன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. முதல் பதிவுக்குப்பின் 50 ஆண்டு கடந்து, உடலிலோ சட்டகத்திலோ எஞ்சினிலோ பெருமாற்றம் இல்லாமல் மூல வடிவில் பேணப்பட்ட தனியார் வண்டிக்கு 'வி.ஏ.' எழுத்துகளுடன் தனிப் பதிவெண் கிடைக்கும். முதல் ஸ்டாண்டர்டு 2000 கார்கள் 2035-இல் ஐம்பதைத் தொடும். அன்று அந்த எண்ணுக்கு உரிமை கோரும் தகுதியை என் நண்பரின் கார் இப்போதே இழந்துவிட்டது. சட்டத்துக்கு அஞ்சி இதைச் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு பதிவெண்ணுக்கான விதியை எழுதிய அதிகாரிகளுக்குக்கூட எஞ்சின் என்பது வண்டியின் அடையாளம் என்று தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே இத்தகைய காரை வைத்திருப்போரிடம் நான் கேட்பவை மூன்று. முதலில், மூல எஞ்சினைத் திறந்து பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டாவதாக, மாற்றியே ஆக வேண்டுமென்றால் எதையும் அறுக்காதீர்கள். திருகாணியைக் கழற்றிய வழியே மீண்டும் பூட்ட முடிய வேண்டும். மூன்றாவதாக, கழற்றியதை எடைக்குப் போடாதீர்கள். எஞ்சின் எண்ணையும் தேதியையும் காரணத்தையும் ஒரு தாளில் எழுதி வண்டியோடு வையுங்கள். பிரதிபேதத்தை அடிக்குறிப்பில் தருவது பதிப்பாசிரியனின் கடமையென்றால், வண்டிக்காரனின் கடமையும் அதுவே. மாற்றத்தைவிட மறைப்பே பெரும் பிழை.

கடைசியாக ஒன்று. எஞ்சின் என் வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்து நண்பர் ஒரு மாலை வந்தார். நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. தேநீர் குடித்துவிட்டுப் புறப்படும்போது தார்ப்பாயை விலக்கிப் பார்த்தார். கட்டையின் ஓரத்தில் விரலால் புழுதியைத் துடைத்து எண்ணைப் படித்தார். "ஸ்பார்க் பிளக் ஓட்டையில எண்ணெய் விட்டு மூடி வைக்கணும் சார். இல்லேன்னா உள்ள துரு பிடிச்சிடும். அப்பா சொல்வாரு," என்றார். மறுநாள் எண்ணெயும் நான்கு பழைய பிளக்குகளும் கொண்டுவந்து தாமே விட்டு மூடிவிட்டுப் போனார்.

கார் இன்னும் டீசலில்தான் ஓடுகிறது. எஞ்சின் முன்கூடத்தில்தான் இருக்கிறது. வாங்கிக்கொள்வதாக இருவர் கேட்டார்கள், தரவில்லை. அந்தக் காருக்கு என்று நண்பர் கேட்டால் மட்டும், வாங்கிய கிலோ விலைக்கே கொடுப்பேன். ஏற்றிப் போகும் கூலி அவருடையது.